சாவிய எடுத்தா ரேடியோ அடங்கணும்: காடில ஏசிசி வயர் தேடறவங்களுக்கு

புது ரேடியோ மாட்டுன நாலாவது நாள் காலைல என் மைவி காடி (கார்) ஸ்டார்ட் ஆகல. கோலாலம்பூர் செந்தூல் ஃப்ளாட் கீழ, ஆறே கால் மணி, பிள்ளைய ஸ்கூல்ல விடணும், சாவிய திருப்புனா டக் டக் டக்குன்னு சத்தம் மட்டும்தான் வருது. பேட்டரி கோங், செத்துப் போச்சு. பக்கத்து ப்ளாக்ல இருக்கற போர்மேன் (மெக்கானிக்) மாமா ஜம்பர் கேபிளோட வந்து ஸ்டார்ட் பண்ணிட்டு ரேடியோவ இழுத்து பின்னாடி பாத்தாரு, பாத்துட்டு சிரிச்சாரு. மாட்டிக் கொடுத்த கடைக்காரப் பையன் சிவப்பு வயரையும் மஞ்சள் வயரையும் ஒன்னா முறுக்கி கருப்பு டேப் சுத்தி விட்டிருக்கான். "இறங்கறப்ப பட்டன அமுக்கி ஆஃப் பண்ணிருங்கண்ணே, எல்லாருக்கும் இப்படித்தான் போடறோம்"னு அன்னிக்கே சொன்னான், நான்தான் அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கல. அந்தப் பேட்டரி அதுக்கப்பறம் ரெண்டு வாரம்கூட தாங்கல, புதுசுக்கு 190 வெள்ளி (ரிங்கிட்) ஆச்சு.

சரி நாமளே பாப்போம்னு இறங்குனேன். முதல் தடவ ராத்திரில லைட்ட போட்டுக்கிட்டு வயர் தேடுனதுல லைட்டு வயரப் புடிச்சு கோத்துட்டேன், ரேடியோ ராத்திரி மட்டும் பாடுச்சு. பகல்ல பாட்டு கேக்கணும்னா ஹெட்லைட்ட போடணும். "என்னங்க இது, கோழி மாதிரி இருட்டுனா அடங்குற ரேடியோ பாத்திருக்கேன், இருட்டுனாத்தான் முழிக்குது இது ஆந்தை ரேடியோவா"ன்னு வீட்டுல ஒரு வாரம் கிண்டல். ரெண்டாவது தடவ சிவப்பையும் மஞ்சளையும் இடம் மாத்திட்டேன், தினமும் காலைல மணி 12:00ன்னு காட்டும், ராகா 99.3, மின்னல் 96.3 ரெண்டு ஸ்டேஷனையும் புதுசா சேவ் பண்ணணும். மூணாவது தடவதான் சரியா வந்துச்சு. இந்த மூணு தடவயும் நீங்க படக்கூடாதுன்னுதான் எழுதறேன். மொத்த வேலையும் ஏசிசிங்கற ஒரே ஒரு வயர கண்டுபுடிக்கறதுதான்: சாவிய திருப்புனா 12 வோல்ட் வரணும், சாவிய எடுத்தா ஒன்னும் இருக்கக்கூடாது.

1. ரேடியோ பின்னாடி இருக்கற வயர்ல எது எதுக்கு

வெளிய வாங்கற ரேடியோ பெரும்பாலும் ஒரே கலர் முறைதான். மஞ்சள் எப்பவும் கரெண்ட் இருக்கற வயருக்கு, மணியும் ஸ்டேஷனும் ஞாபகம் இருக்கறது இதாலதான், ரேடியோ தின்னுற கரெண்ட்ல பெரும்பங்கும் இது வழியாத்தான் போகுது. சிவப்பு ஏசிசி, அதாவது "சாவி திருப்பியாச்சு, எந்திரி"ன்னு ரேடியோவுக்கு சொல்றது. கருப்பு எர்த். ஆரஞ்சு இருந்தா அது லைட்டு போட்டா டிஸ்ப்ளே மங்கறதுக்கு. நீலமும் நீலம்-வெள்ளையும் ஏரியல், ஆம்ப் (சத்தத்த கூட்டற பெட்டி) ரெண்டையும் எழுப்பறதுக்கு, அதுல கரெண்ட் வெளிய வரும், உள்ள குடுக்கக்கூடாது, இத மாத்திக் குடுத்து ரேடியோவ கருக்குனவங்கள எனக்குத் தெரியும். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நாலும் ஸ்பீக்கர்.

சிவப்பு வயருக்கு பெரும்பாலான ரேடியோல ரொம்ப கொஞ்சம் கரெண்ட்தான் வேணும். அதனாலதான் ஃபியூஸ் பாக்ஸ்ல ஒரு சின்ன ஃபியூஸ்லேர்ந்து எடுத்தாகூட போதும். மஞ்சளுக்கு அந்தக் கதை ஆகாது, அத காடியோட ஒரிஜினல் ரேடியோ வயர்லயே போடுங்க.

முக்கியமான பொறி: இந்தக் கலர் எல்லாம் ரேடியோ பக்கத்து கலர். காடி பக்கத்து வயர் கலர் வேற. பழைய டொயோட்டா 10 பின் ப்ளக்க எடுத்துக்குங்க, அதுல நீலம்-மஞ்சள்தான் எப்பவும் கரெண்ட், சாம்பல் ஏசிசி, பழுப்பு எர்த், பச்சை லைட்டு. ரேடியோ பக்கம் சாம்பலும் பச்சையும் ஸ்பீக்கர்! கலருக்கு கலர் சேத்தா போச்சுன்னு நெனச்சு சாம்பலோட சாம்பல கோத்தா ஸ்பீக்கர் லைன்ல நேரா 12 வோல்ட் ஏறும், ரேடியோவோட ஆம்ப் ஐசி அங்கேயே காலி.

2. பேப்பரும் சாமானும் முன்னாடியே எடுத்து வைங்க

நான் இத செய்யாமத்தான் மாட்டுனேன். எடுத்து வைக்க வேண்டிய பேப்பர்:

காடியோட மேனுவல். அதுல ஃபியூஸ் லிஸ்ட் இருக்கற பக்கத்த ஃபோன்ல படம் புடிச்சுக்குங்க. செகண்ட் ஹேண்ட் காடில மேனுவல் இருக்காது, ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும், அது போதும். ரேடியோவோட வயரிங் படம், பெரும்பாலும் ரேடியோ தலைல ஒட்டியே இருக்கும், உள்ள தள்ளிட்டா பாக்க முடியாது, அதையும் படம் புடிங்க. சில ஹோண்டா காடில பேட்டரி கழட்டி மாட்டுனா ஒரிஜினல் ரேடியோ கோட் கேக்கும், பழைய ரேடியோவ விக்கறதுன்னாலும் அந்தக் கோட் அட்டை வேணும், தூக்கிப் போட்றாதீங்க.

வாரன்டில இருக்கற புது காடின்னா வயர வெட்டாதீங்க. ரேடியோவ மாத்துனா மொத்த வாரன்டியும் போயிரும்னு பயமுறுத்தறவங்க சொல்றத நான் நம்பல, ஆனா வெட்டுன வயரப் பாத்தா நாளைக்கு வேற எதாவது கரெண்ட் பிரச்சனைன்னு சர்வீஸ் சென்டருக்கு போறப்ப உங்க மேல பழி போட அவங்களுக்கு சுலபமா போயிரும். வாரன்டி புக்க ஒரு தடவ படிச்சுட்டு, வயர வெட்டாம காடி ப்ளக்குக்கும் ரேடியோவுக்கும் நடுவுல மாட்டற சாக்கெட் வாங்கி மாட்டுங்க.

ரேடியோ ரசீதையும் வைங்க. காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்ஸ் எடுத்திருந்தா, நீங்களா மாட்டுன சாமானுக்கு எண்டார்ஸ்மெண்ட் 97னு தனியா சேக்கலாம், கண்ணாடிக்கு 89 போடறோமே அந்த மாதிரி. விலை உயர்ந்த ஆண்ட்ராய்டு பிளேயர்னா புதுப்பிக்கறப்ப ஏஜென்ட்கிட்ட கேளுங்க. ஐம்பது வெள்ளி ரேடியோவுக்கு வேண்டாத செலவு.

சாமான் செலவு, எனக்கு ஆனது இது: வோல்ட் பாக்கற டிஜிட்டல் மீட்டர் 25 வெள்ளி, டெஸ்ட் லைட்டு 8 வெள்ளி, என் காடிக்கு ஏத்த சாக்கெட் 15 வெள்ளி, ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் பாக்ஸ்லேர்ந்து கரெண்ட் எடுக்கற சாமான், ஒட்டற டேப் இல்ல) 5 வெள்ளி, ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டுனா சுருங்கற குழாய்), கிரிம்ப் (வயர அமுக்கிச் சேக்கற முனை), எக்ஸ்ட்ரா ஃபியூஸ் எல்லாம் சேத்து 12 வெள்ளி. மொத்தம் 65 வெள்ளி. மீட்டரும் சாக்கெட்டும் ஜாலான் பாசார் பக்கம் போய் வாங்குனேன், புடுலேர்ந்து நடக்கற தூரம், அந்தத் தெருவுல எலக்ட்ரானிக் சாமான் கடைக்கு பஞ்சமே இல்ல. ஆன்லைன்ல ஷாப்பீல கொஞ்சம் மலிவா கிடைக்கும், ஆனா சாக்கெட் வாங்கறப்ப பழைய ப்ளக்கோட படத்த கடைக்காரர்கிட்ட காட்டி வாங்கறது நிம்மதி, வந்து சேந்த பின்னாடி பின் ஒத்து வரலன்னா திருப்பி அனுப்பறது தலைவலி.

டைம்: முதல் தடவ செய்யறவங்க மூணு மணி நேரம் ஒதுக்குங்க. சனிக்கிழமை காலைல ஆரம்பிங்க, நெழல்ல நிறுத்திட்டு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் ஆரம்பிக்காதீங்க, ஒரு ஃபியூஸ் போனாலும் கடை தேடி அலையணும், மறுநாள் வேலைக்குப் போக அதே காடிதான் வேணும்.

3. சாவி எந்த எடத்துல இருந்தா என்ன கரெண்ட்

சாவி துவாரத்துல நாலு எடம்: லாக், ஏசிசி, ஆன், ஸ்டார்ட். நாம தேடற வயர் லாக்ல 0, ஏசிசில 12, ஆன்லயும் 12, ஸ்டார்ட் பண்ற அந்த ரெண்டு செகண்டுல மட்டும் கீழ விழும், விட்டா திரும்ப வரும். ஸ்டார்ட் பண்றப்ப ரேடியோ ஒரு தடவ செத்து எந்திரிக்கறது கோளாறு இல்ல, ஸ்டார்ட்டருக்கு முழு கரெண்டும் போகட்டும்னு காடியே ஏசிசிய வெட்டுது.

ஏசிசில 0, ஆன்ல மட்டும் 12 வந்தா அது இக்னிஷன் வயர். அதுல போட்டாலும் ரேடியோ பாடும், சாவி எடுத்தா அடங்கும், பேட்டரிக்கு ஆபத்து இல்ல. ஆனா எஞ்சின் போடாம உக்காந்து பாட்டு கேக்கணும்னா சாவி ஆன்ல இருக்கணும், தேவையில்லாம மத்த சாமானும் முழிச்சுக்கிட்டு கெடக்கும். ஸ்கூல் வாசல்ல அரை மணி நேரம் காத்திருக்கற என்ன மாதிரி ஆளுக்கு அது ஒத்து வராது.

புஷ் ஸ்டார்ட் காடின்னா பெரும்பாலும் பிரேக்க மிதிக்காம பட்டன ஒரு தடவ அமுக்குனா ஏசிசி, ரெண்டாவது தடவ அமுக்குனா ஆன். கவனிங்க, ஏசிசில ரொம்ப நேரம் விட்டா சில காடி தானா அடங்கிரும், நீங்க மீட்டர புடிச்சுக்கிட்டு "இப்ப இருந்துச்சே எங்க போச்சு"ன்னு தேடுவீங்க. இன்னும் சில காடில சாவி எடுத்த பின்னாடியும் கதவு தொறக்கற வரைக்கும் இல்லன்னா சில நிமிஷம் கரெண்ட் நிக்கும். சாவி எடுத்தும் 12 காட்டுதுன்னு அவசரப்பட்டு ஒதுக்கிறாதீங்க, கதவ தொறந்து மூடி, காடிய பூட்டி, கொஞ்சம் பொறுத்து பாருங்க.

4. ரேடியோ ப்ளக்லயே முதல்ல தேடுங்க

பெரும்பாலான காடில நாம தேடற வயர் பழைய ரேடியோ ப்ளக்லயே இருக்கு. ஃபியூஸ் பாக்ஸ்க்கு நேரா ஓடாதீங்க.

டேஷ்போர்டு ஓரத்த பிளாஸ்டிக் தட்டையால நெம்புங்க, ஸ்க்ரூ டிரைவர் வச்சா கீறல் விழும். வெயில்ல நின்ன காடில கிளிப் இளகி சுலபமா வரும். ரேடியோவ இழுத்து ப்ளக்க கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ கழட்டிருங்க, 10 நம்பர் ஸ்பானர் போதும். ப்ளக் வெளிய வந்ததும், எதுவும் எங்கயும் உரசலன்னு பாத்துட்டு, நெகட்டிவ திரும்ப மாட்டுங்க, கரெண்ட் இல்லாம டெஸ்ட் பண்ண முடியாதே.

மீட்டர டிசி 20 வோல்ட்ல வைங்க. முதல்ல பேட்டரிலயே வச்சுப் பாருங்க, எஞ்சின் போடாம 12.4லேர்ந்து 12.7க்குள்ள காட்டுனா நல்ல பேட்டரி, மீட்டரும் சரியா வேலை செய்யுது. 12க்கு கீழன்னா முதல்ல சார்ஜ் ஏத்துங்க, இல்லன்னா பின்னாடி வர்ற எந்த நம்பரையும் நம்ப முடியாது.

இப்ப மீட்டரோட கருப்பு முனைய பெயிண்ட் இல்லாத இரும்புல, டேஷ்போர்டுக்கு பின்னாடி இருக்கற போல்ட்டு மாதிரி எடத்துல, அசையாம புடிங்க. சிகப்பு முனைய ப்ளக்குக்கு பின்பக்கமா, வயர் நுழையற ஓட்டைல செருகுங்க. வயர் தோல உரிக்காதீங்க, ஊசி குத்தாதீங்க. ஹெட்லைட்டு கண்டிப்பா ஆஃப், என் கதை ஞாபகம் இருக்குல்ல.

ஒரு துண்டு பேப்பர்ல ப்ளக்க படமா வரைஞ்சு ஒவ்வொரு பின்னுக்கும் நாலு தடவ எழுதுங்க: லாக்ல என்ன, ஏசிசில என்ன, ஆன்ல என்ன, லைட்டு போட்டா என்ன. எனக்கு வந்தது இப்படி: ஒரு பின் எல்லா எடத்துலயும் 12.5, அது மஞ்சளுக்கு. ஒரு பின் லாக்ல 0, ஏசிசில 12.4, ஆன்ல 12.3, அதான் நாம தேடற மாப்பிள்ளை. ஒரு பின் எல்லாத்துலயும் 0, லைட்டு போட்டா மட்டும் 12, அதுதான் என்ன ஒரு வாரம் ஏமாத்துன ஆந்தை. மூணு, அஞ்சு வோல்ட்னு பாதில நிக்கற பின் எதையும் தொடாதீங்க, அது ஸ்டீயரிங் பட்டனோ கம்ப்யூட்டர் லைனோ எதாவதா இருக்கும்.

மீட்டர் மட்டும் பாத்தா போதுமான்னா போதாது. மீட்டர் கரெண்ட தின்னவே தின்னாது, அதனால துருப்புடிச்ச இணைப்பு வழியா வர்ற ஏப்பசாப்ப கரெண்ட்டையும் 12ன்னு காட்டிரும். கண்டுபுடிச்ச பின்ல டெஸ்ட் லைட்ட வச்சுப் பாருங்க, பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா உண்மையான கரெண்ட், மினுக்குன்னா அந்த வயர நம்பி ரேடியோவ மாட்டாதீங்க. ஆனா பல்ப எல்லா பின்லயும் வச்சு வெளையாடாதீங்க, கம்ப்யூட்டர் லைன்ல வச்சா அது தாங்காது. மீட்டர்ல உறுதியான பின்ல மட்டும்.

இதுக்கு மேல பெருசா ஒன்னும் இல்ல, வாங்கி வச்ச சாக்கெட்ட ப்ளக்ல மாட்டி, அந்த மாப்பிள்ளை பின்லேர்ந்து வர்ற வயர ரேடியோவோட சிவப்புல சேத்தா முடிஞ்சிச்சு. ஐஎஸ்ஓன்னு பொது அளவுல வர்ற சாக்கெட்னா ஒன்னு பாத்துக்குங்க, அதுல முறைப்படி நாலாவது பின் எப்பவும் கரெண்ட், ஏழாவது ஏசிசி, ஆனா ஃபோக்ஸ்வாகன் மாதிரி சில காடில ரெண்டும் எடம் மாறி வரும். தினமும் ஸ்டேஷன் மறக்குதுன்னா இதுதான் காரணம். நல்ல சாக்கெட்ல மஞ்சள், சிவப்பு ரெண்டுலயும் நடுவுல கழட்டற முனை வச்சிருப்பாங்க, குறுக்க மாத்தி மாட்டுனா சரியாயிரும், வயர வெட்ட வேண்டியதில்ல.

5. ப்ளக்ல இல்லன்னா ஃபியூஸ் பாக்ஸ்

பழைய காடில முன்னாடி யாரோ வெட்டி ஒட்டி நாசம் பண்ணி வச்சிருப்பாங்க, ப்ளக்கே இருக்காது, அப்ப இங்கதான் வரணும். டிரைவர் கால் பக்கம் டேஷ்போர்டுக்கு கீழ இருக்கற ஃபியூஸ் பாக்ஸ்தான் நமக்கு, எஞ்சின் பக்கத்துல இருக்கறது வேணாம்.

மூடி ஸ்டிக்கர்ல ஏசிசி, ரேடியோ, சிகரெட் லைட்டர் மாதிரி பேர் போட்ட ஃபியூஸ் இருக்கும். அதுல ஒன்ன எடுத்து அதே நாலு எட டெஸ்ட் செய்யுங்க. ஃபியூஸ் தலைல ரெண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும், கழட்டாமயே மீட்டர் முனைய அங்க வைக்கலாம். சிகரெட் லைட்டர்னா ஏசிசிதான்னு கண்ண மூடி நம்பாதீங்க, சில காடில அது எப்பவும் கரெண்ட்ல இருக்கும், அங்க எடுத்தா திரும்பவும் டக் டக் டக்தான்.

ஏர்பேக், ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், எஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப் இந்த ஃபியூஸ்ங்க பக்கமே போகாதீங்க. ரேடியோல ஒரு ஷார்ட் ஆனா ஓடற காடி நடு ரோட்டுல நின்னுரும், எல்டிபி ஹைவேயில நிக்கணுமா? டேஷ்போர்டு உள்ள மஞ்சள் குழாய் போட்ட வயர், மஞ்சள் ப்ளக் பாத்தீங்கன்னா அது ஏர்பேக், மீட்டர் முனைகூட படக்கூடாது. சில பேரு சாவி துவாரத்துக்கு பின்னாடி இருக்கற தடிச்ச வயர்லேர்ந்து எடுக்கச் சொல்வாங்க, கரெண்ட் அங்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ஸ்டீயரிங் ஏர்பேக் வயரும், காடி திருட்ட தடுக்கற இம்மொபிலைசரும் அங்கதான் சுத்திக்கிட்டு கெடக்கு. புதுசா செய்யறவங்களுக்கு அது வேணாம்.

6. ஃபியூஸ் டேப் போடறதுல இருக்கற சூட்சுமம்

ஃபியூஸ் டேப்னா ஒரு ஃபியூஸ் எடத்துல ரெண்டு ஃபியூஸ் செருகற சின்ன சாமான், பக்கத்துல ஒரு வயர் வால் நீட்டிக்கிட்டு இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க காடி ஃபியூஸ் ஒன்ன கழட்டி கைல கொண்டு போங்க, சாதா சைஸ், மினி, கால் குட்டையான மினின்னு பல அளவு இருக்கு, ஒன்னுக்கு ஒன்னு சேராது. நான் ஃபோன் படத்த காட்டி வாங்கி, பெரிய சைஸ தூக்கிக்கிட்டு வந்து, திரும்ப ஒரு நடை போனேன்.

கீழ் எடத்துல காடியோட பழைய ஃபியூஸ அப்படியே போடுங்க, அதே ஆம்பியர், கூட்டாதீங்க. மேல் எடத்துல நம்ம சிவப்பு வயருக்கு 3 இல்லன்னா 5 ஆம்பியர் போதும். கலர் தெரிஞ்சு வச்சுக்குங்க: 5 வெளிர் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள்.

டேப்ப எந்தப் பக்கமா செருகுனாலும் உள்ள போகும், ரேடியோவும் பாடும், ஆனா ஒரு பக்கம்தான் சரி. தப்பான பக்கம் போட்டா நம்ம ரேடியோ கரெண்டும் காடியோட பழைய ஃபியூஸ் வழியாவே ஓடும், ரெண்டு பாரமும் ஒருத்தன் தலைல. கண்டுபுடிக்கறது சுலபம். டேப்ப செருகிட்டு சாவிய ஏசிசில வைங்க, கீழ இருக்கற பழைய ஃபியூஸ மட்டும் புடுங்குங்க. வால் வயர்ல இன்னும் 12 இருந்தா சரியா போட்டிருக்கீங்க, செத்துப் போச்சுன்னா டேப்ப கழட்டி திருப்பிப் போடுங்க. மூடி மூடுதான்னும் பாருங்க, டேப் உயரமா இருந்தா மூடி நிக்காது, என் காடில இன்னைக்கு வரைக்கும் மூடிய கேபிள் டை போட்டுத்தான் கட்டி வச்சிருக்கேன்.

ஆம்ப், சப்வூஃபர் எல்லாம் மாட்டறவங்க: அதோட பெரிய கரெண்ட இங்கேர்ந்து எடுக்கவே கூடாது. பேட்டரிலேர்ந்து தனி தடிச்ச வயர், பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள்ள ஒரு ஃபியூஸ். அது தனிக் கதை.

7. எங்க தேடியும் ஏசிசி இல்லன்னா

புது ஐரோப்பா காடி வச்சிருக்கறவங்க சில பேரு ப்ளக்ல மீட்டர வச்சு வச்சுப் பாத்து வெறுத்துப் போவாங்க. தப்பு உங்க மேல இல்ல, அந்த மாதிரி காடில ரேடியோவ எழுப்பறதுக்கு தனி வயரே கிடையாது, கேன் பஸ்னு ரெண்டு மெல்லிசு வயர்ல கம்ப்யூட்டர் சேதி அனுப்பும், அதக் கேட்டு ரேடியோ எந்திரிக்கும். இதுக்கு கேன் பஸ் அடாப்டர்னு ஒரு பொட்டி இருக்கு, அது சேதிய படிச்சு சிவப்பு வயருக்கு 12 வோல்ட்டா குடுக்கும். உங்க காடி மாடல், வருஷம் ரெண்டையும் சரியா சொல்லி வாங்குங்க. வாங்க மனசில்லன்னா மேல சொன்ன ஃபியூஸ் டேப் வழி இதுக்கும் ஒத்து வரும், ஸ்டீயரிங் பட்டன் மட்டும் வேலை செய்யாது.

8. வயர சேக்கறது

முறுக்கி கருப்பு டேப் சுத்தறத மறந்துருங்க. நம்ம ஊரு வெயில்ல நிறுத்துன காடிக்குள்ள அந்த டேப் பசை உருகி பாகு மாதிரி வழியும், ஆறு மாசத்துல அவுந்து வயர் அம்மணமா நிக்கும். என் காடில அந்தப் பையன் சுத்துன டேப்ப எடுக்கறப்ப விரல் எல்லாம் பிசுபிசுன்னு ஆயிருச்சு, மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவுனேன். ஈயம் பத்த வச்சு ஹீட் ஷ்ரிங்க் போடுங்க, பத்த வைக்கத் தெரியலன்னா கிரிம்ப் நல்லா அமுக்கி, இழுத்துப் பாத்துட்டு, அதுக்கு மேல ஹீட் ஷ்ரிங்க். ஷ்ரிங்க் குழாய முதல்லயே வயர்ல கோத்துட்டு அப்பறம் சேருங்க, சேத்துட்டு ஞாபகம் வந்தா திரும்ப வெட்டணும், எத்தன தடவ செஞ்சாலும் நான் இதுல ஒரு தடவயாவது கோட்ட விடுவேன்.

சேக்கற நேரம் முழுக்க பேட்டரி நெகட்டிவ் கழட்டி இருக்கணும். எர்த் வயர ரேடியோ பெட்டி தகரத்துல கட்டாதீங்க, காடி எர்த் பின்லயே குடுங்க, இல்லன்னா எஞ்சின் வேகத்துக்கு ஏத்த மாதிரி ஸ்பீக்கர்ல "ஊஊ"ன்னு ஒரு சத்தம் பாட்டோட சேந்து பாடும்.

9. டேஷ்போர்டு மூடறதுக்கு முன்னாடி மூணு நாள் பொறுங்க

ரேடியோ பாடுன சந்தோஷத்துல உடனே எல்லாத்தையும் அமுக்கி மூடிராதீங்க. முதல்ல வரிசையா பாருங்க: சாவி ஏசிசில எந்திரிக்குதா, எஞ்சின் போட்டா திரும்ப வருதா, ஹெட்லைட்டு போட்டாலும் அணைச்சாலும் ரேடியோ அப்படியே இருக்கா, சாவிய எடுத்தா அடங்குதா, பத்து நிமிஷம் கழிச்சு போட்டா ஸ்டேஷன் ஞாபகம் இருக்கா. எஞ்சின் ஓடறப்ப பேட்டரில 13.5லேர்ந்து 14.5 வரைக்கும் காட்டணும், அது ரேடியோவுக்கு சம்பந்தம் இல்ல, மீட்டர் கைல இருக்கறப்ப பாத்து வைக்கறதுதான்.

அப்பறம் திருட்டு கரெண்ட் டெஸ்ட். மீட்டர்ல சிகப்பு வயர 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்துங்க. சாவி வெளிய, கதவு எல்லாம் மூடி, பேட்டரி நெகட்டிவ் கேபிள கழட்டி, கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவுல மீட்டர வைங்க. அரை மணி நேரம் அப்படியே விட்டுட்டு ஒரு தே தாரிக் குடிச்சுட்டு வாங்க, காடி தூங்கணும். 50 மில்லி ஆம்பியருக்கு கீழ இருந்தா நல்லது. இந்த நேரத்துல மறந்தும் ஸ்டார்ட் பண்ணிராதீங்க, மீட்டர் ஃபியூஸ் புகையா போயிரும். டெஸ்ட் முடிஞ்சதும் வயர வோல்ட் ஓட்டைக்கு திரும்ப மாத்துங்க, 10 ஆம்பியர் ஓட்டைலயே விட்டுட்டு அடுத்த தடவ பேட்டரில வச்சா அங்கேயே ஷார்ட்.

ஏன் இவ்வளவு கவனம்னா கணக்கு இதுதான். என் மைவில இருக்கற சின்ன பேட்டரி சுமார் 35 ஆம்பியர்-மணி. ரேடியோ தூங்காம அரை ஆம்பியர் தின்னா ஒரு நாளைக்கு 12, ரெண்டு நாள்ல 24. சனி ஞாயிறு காடி எடுக்கலன்னா திங்கக்கிழமை காலைல பஸ்தான். தினமும் ஓட்டுனா ஓடற சார்ஜ்ல சமாளிச்சு நாள் கடத்தும், அதனாலதான் எனக்கு நாலாவது நாள் வரைக்கும் தெரியவே இல்ல. ஆண்ட்ராய்டு பிளேயர்ல செட்டிங்ல "தூங்கற நேரம்"னு ஒன்னு வச்சிருப்பான், வேகமா எந்திரிக்கறதுக்காக சாவி எடுத்த பின்னாடியும் மணிக்கணக்கா அரைத் தூக்கத்துல கெடக்கும், வயர் சரியா இருந்தும் பேட்டரி எறங்குனா அதக் குறைங்க.

மூணு நாள் காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பேட்டரி வோல்ட்ட எழுதி வச்சேன்: 12.6, 12.5, 12.5. மூணாவது நாள் ஸ்கூல்ல பிள்ளைய இறக்கி விட்டுட்டு அங்கேயே நெழல்ல நிறுத்தி டேஷ்போர்டு கிளிப்ப அமுக்குனேன். ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருந்துச்சு, எங்க போகணும்னு இன்னும் தெரியல, சில்லறை டப்பால கெடக்கு.